பரிந்துரைக்கும் பொறியும் நம் வீட்டுப் பெண் பிள்ளைகளும்



சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் 'பரிந்துரை' என்னும் சொல்லுக்குப் பொருள் விளக்க வேண்டியிருந்தது. வேலைக்கோ மேற்படிப்புக்கோ தலைமையாசிரியர் எழுதித் தரும் கடிதத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லத் தொடங்கினேன். முடிப்பதற்குள் ஒரு மாணவன் கையை உயர்த்தி, "டிக் டாக்கில் வருமே, அதுதானே டீச்சர்?" என்றான். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அச்சொல்லின் முதற்பொருளே அதுதான்.

தமிழாசிரியை என்பதால் ஒரு சிறு விலகலுக்கு இடம் கொடுங்கள். பரிந்து உரைப்பது பரிந்துரை. பரிவு அந்தச் சொல்லின் உள்ளேயே இருக்கிறது. பழைய பரிந்துரைக் கடிதத்தை எழுதுகிறவர்க்கு நம்மைத் தெரியும். தகுதியில்லாதவரைப் பரிந்துரைத்தால் தம் பெயர் கெடும் என்ற அச்சமும் அவருக்கு உண்டு. அந்த மாணவன் குறிப்பிட்ட பரிந்துரையாளருக்கு நம்மைத் தெரியாது. நாம் எத்தனை நொடி நின்று பார்த்தோம் என்பது மட்டும் தெரியும்.

டிக் டாக் நிறுவனம் தன் பரிந்துரை முறையைப் பற்றி 2020 ஜூனில் தானே ஒரு விளக்கம் வெளியிட்டது. விருப்பக்குறி, பகிர்வு, கருத்துரை ஆகியவை கணக்கில் கொள்ளப்படுகின்றன. நீண்ட காணொளியை ஒருவர் இறுதிவரை பார்த்தால் அது வலுவான அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது. பின்தொடர்வோர் எண்ணிக்கை நேரடிக் காரணி ஆகாது என்பன அதன் சாரம். 2021 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அந்நிறுவனத்தின் உள் ஆவணம் ஒன்றைப் பற்றி எழுதியது. பார்ப்பவர் மீண்டும் வர வேண்டும், வந்தவர் நெடுநேரம் தங்க வேண்டும் என்னும் இரண்டு குறிக்கோள்களுக்காக அந்தக் கணக்கு கட்டப்பட்டிருப்பதை அந்த ஆவணம் காட்டியது. இன்ஸ்டாகிராம் 2020 ஆகஸ்டில் ரீல்ஸைத் தொடங்கியது. அடுத்த மாதமே யூடியூப் ஷார்ட்ஸ் இந்தியாவில் சோதனைக்கு வந்தது. இன்று மூன்றும் ஏறத்தாழ ஒரே பள்ளியின் மூன்று வகுப்பறைகள்.

பார்வையாளர்களை இந்த முறை என்ன செய்கிறது என்று நாம் நிறையப் பேசிவிட்டோம். பிள்ளைகள் கைப்பேசியை விடுவதில்லை, கவனம் சிதறுகிறது என்பன பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம்தோறும் எழும் குறைகள். காணொளியைச் செய்கிறவரை அது என்ன செய்கிறது என்பதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசியதில்லை. மதிப்பெண் மட்டும் காட்டப்படும், விடை திருத்தும் முறை ஒருபோதும் காட்டப்படாது என்று ஒரு தேர்வு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவர் என்ன செய்வார்? சென்ற முறை எதற்கு மதிப்பெண் வந்ததோ அதையே இன்னும் கூடுதலாக எழுதுவார். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் எடுக்கப்படும்வரை அதனோடு வாழ்ந்த ஆசிரியர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தேர்வுக்கு வராத பாடம் வகுப்பிலிருந்தே மெல்ல மறைந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

நானும் காணொளி செய்கிறவள்தான். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டிலிருந்து பாடம் நடத்தியபோது பழகிய வேலை, பள்ளி திறந்த பின்னும் தொடர்கிறது. இணைமொழி, மரபுத்தொடர், லகர ளகர ழகர வேறுபாடு என்று நாற்பது ஐம்பது நொடிகளில் ஒவ்வொன்று. வேறொரு பள்ளியில் பணியாற்றும் நண்பர் ஒருவரும் இதே வேலையைச் செய்கிறார். ஆசிரியர் கல்விக் கழகத்தில் என்னோடு பயின்றவர். ஒருமுறை இருவரும் ஒரே பாடத்தை, ஏறக்குறைய ஒரே எடுத்துக்காட்டுகளோடு, ஒரே வாரத்தில் வெளியிட்டோம். திட்டமிட்டுச் செய்ததன்று, பாடத்திட்டத்தில் அந்த வாரம் அதுதான் வந்தது. அவருடைய காணொளியின் கீழ், "சார், 'பவளம்' என்பதற்கு எந்த ளகரம்?" என்பது போன்ற கேள்விகள் வந்திருந்தன. என்னுடையதன் கீழ் என் புடவையின் நிறம், நான் சிரித்தால் நன்றாக இருக்கும் என்னும் யோசனை, நெற்றிப் பொட்டின் அளவு, "டீச்சருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா" என்னும் விசாரணை. இலக்கணக் கேள்வி ஒன்றே ஒன்று இருந்தது.

இது வரையில் பழைய கதைதான். பெண் எதைச் சொன்னாலும் முதலில் அவள் தோற்றத்தைப் பார்ப்பது நம் சமூகத்தில் கைப்பேசிக்கு முன்பே இருந்த பழக்கம். புதியது அடுத்து நடந்தது. புடவையைப் பற்றிய கருத்துரைகள் மிகுந்த அந்தக் காணொளி மேலும் பலருக்குப் போய்ச் சேர்ந்தது. என் மற்றப் பாடங்களை முந்நூறு பேர் பார்த்தால் பெரிது. இதை ஆயிரக்கணக்கானோர் பார்த்தனர். பொறி கருத்துரையைப் படித்து மகிழ்வதுமில்லை, வருந்துவதுமில்லை, எண்ணிக்கொள்கிறது. அந்த எண்ணிக்கையைத்தான் என் திரையில் எனக்குத் திருப்பிக் காட்டுகிறது. அடுத்த பாடத்தைப் பதிவு செய்ய அமரும்போது, எந்தப் புடவை என்று அலமாரிமுன் சற்று நேரம் நிற்கத்தான் தோன்றும். என்னிடம் எவரும் எதையும் கட்டளையிடவில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

லாரா மல்வி என்னும் பிரிட்டிஷ் அறிஞர் 1975-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், திரைப்படத்தின் ஒளிப்படக் கருவியே ஓர் ஆணின் கண்ணாக நின்று பெண்ணைப் பார்க்கிறது என்றார். அந்தக் காலத்தில் கருவியைப் பிடித்திருந்தவர் இயக்குநர். எதிரே நின்றவர் நடிகை. இன்று கருவியைப் பிடித்திருப்பதும் பெண், எதிரே நிற்பதும் அவளே. ஆகவே விடுதலை வந்துவிட்டது என்று சொல்லலாமா? பாதி சொல்லலாம். யார் வேண்டுமானாலும் பேசலாம் என்பது மெய்யான மாற்றம். ஆனால் எந்தக் கோணம் 'ஓடும்', எது 'ஓடாது' என்று கற்றுக்கொடுக்கும் கண் ஒன்று அவளுடைய தோளுக்குப் பின்னால் நிற்கிறது. அது பல்லாயிரம் பேர் விரல் நின்ற இடங்களின் கூட்டுத்தொகை. அந்த விரல்கள் இந்தச் சமூகத்தில் வளர்ந்தவர்களின் விரல்கள்.

இது வெறும் மனக்குறை இல்லை என்பதற்குச் சில சான்றுகள் உள்ளன. அல்காரிதம் வாட்ச் என்னும் ஜெர்மானிய அமைப்பு 2020-இல் இன்ஸ்டாகிராம் படங்களைச் சோதித்தது. நீச்சலுடையிலோ உள்ளாடையிலோ பெண்கள் தோன்றும் படங்கள், பின்தொடர்வோர் திரையில் வருவதற்கான வாய்ப்பு 54 விழுக்காடு கூடுதலாக இருந்ததாகவும், மேலாடையற்ற ஆண்களின் படங்களுக்கு அது 28 விழுக்காடு என்றும் தெரிவித்தது. உணவு, இயற்கைக் காட்சிப் படங்களுக்கு வாய்ப்பு குறைந்தது. முகநூல் நிறுவனம் அந்த ஆய்வு முறையை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023-இல் கார்டியன் நாளிதழ் வேறொரு பக்கத்தைக் காட்டியது. படங்களைத் தரம் பிரிக்கப் பெரிய நிறுவனங்கள் விற்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், உடற்பயிற்சி செய்யும் பெண், கருவுற்ற பெண்ணின் வயிறு போன்ற படங்களைக்கூட, ஒத்த நிலையில் உள்ள ஆண்களின் படங்களைவிடக் 'கிளர்ச்சியூட்டுபவை' என மதிப்பிட்டன. ஒரு கை உடலைக் காட்டு என்று இழுக்கிறது. இன்னொரு கை காட்டிவிட்டாய் என்று மறைக்கிறது. இரண்டு கைகளுக்கும் இடையே எங்கே நிற்பது என்பதைக் கண்டுபிடிப்பது அந்தப் பெண்ணின் வேலையாகிவிடுகிறது.

2020 மார்ச்சில் தி இண்டர்செப்ட் இதழ் வெளியிட்ட டிக் டாக் ஆவணங்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். உடலமைப்பு வழக்கத்திற்கு மாறாக இருப்பவர், முகச் சுருக்கம் மிகுந்தவர், விரிசல் விழுந்த சுவருள்ள எளிய வீட்டில் பதிவு செய்பவர் ஆகியோரின் காணொளிகளைப் பரிந்துரைப் பக்கத்தில் சேர்க்க வேண்டாம் என்று மட்டுறுத்துநர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை இப்போது பயன்பாட்டில் இல்லை, சில நடைமுறைக்கே வரவில்லை என்று நிறுவனம் பதிலளித்தது. இருக்கட்டும். முகச் சுருக்கமும் விரிசல் சுவரும் என்று படித்தபோது எனக்குத் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த என் பாட்டி கண்முன் வந்து நின்றார்.

நம் பெண்கள் இதையெல்லாம் அறியாமல் அங்கே போகவில்லை. சொல்லப்போனால் நன்றாக அறிந்தவர்கள் அவர்களே. வீட்டிலிருந்தே கேக் விற்பவர், மணப்பெண் ஒப்பனை செய்பவர், இட்லி மாவு விற்கும் தனித்தாய் என்று எனக்குத் தெரிந்த பெற்றோருள்ளேயே ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். பள்ளிவாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கையில் அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் வியப்பாக இருக்கும். எத்தனை மணிக்கு ஏற்றினால் ஓடும், முதல் மூன்று நொடியில் முகம் வர வேண்டுமா பொருள் வர வேண்டுமா, எந்தச் சொல்லைப் போட்டால் முடக்கிவிடுவார்கள் என்றெல்லாம் துல்லியமாகப் பேசுகிறார்கள். அதைக் கடந்து போகும் ஆடவர் இதை 'வம்பு' என்பார்கள். சோஃபி பிஷப் என்னும் ஆய்வாளர் 2019-இல் யூடியூபில் ஒப்பனைக் காணொளி செய்யும் பெண்களை ஆராய்ந்தபோது இந்த 'வம்பு' என்னும் சொல்லையே எடுத்துக்கொண்டார். நிறுவனம் விதிகளைச் சொல்லாதபோது, தமக்குள் பேசிப்பேசி விதிகளைக் கண்டறியும் கூட்டறிவு அது என்றார். பஞ்சகாலத்தில் எந்தக் கடையில் அரிசி வந்தது என்று கிணற்றடியில் பேசிக்கொண்ட பெண்களின் அறிவும் இந்த வகைதான் என்பேன்.

அந்த உழைப்புக்குச் சம்பளச் சீட்டு இல்லை என்பதே எனக்கு உறுத்துவது. கேக் செய்த நேரத்திற்கு விலை உண்டு. கேக்கைப் பிடித்துக்கொண்டு புன்னகைத்த நேரத்திற்கு, வெறுப்பான கருத்துரைக்கு 'நன்றி அண்ணா' என்று பதில் எழுதிய நேரத்திற்கு, இரண்டு நாள் பதிவேற்றாவிட்டால் எண்ணிக்கை சரியும் என்று காய்ச்சலோடு எழுந்து விளக்கைப் பொருத்திய நேரத்திற்கு விலை இல்லை. ஆர்லி ஹாக்சைல்ட் 1983-இல் விமானப் பணிப்பெண்களின் புன்னகையை உழைப்பு என்று எழுதினார். அவர்களுக்குப் பணிமுடியும் நேரமாவது இருந்தது.

உருவாக்கியவர் யார் என்பதும் பொறிக்கு முக்கியமில்லை. 2019-இல் அமெரிக்காவின் அட்லாண்டா பகுதியைச் சேர்ந்த ஜலாயா ஹார்மன் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுமி 'ரெனிகேட்' என்னும் நடனத்தை அமைத்தார். உலகமே ஆடியது, புகழ், அதை ஆடிக்காட்டிய வெள்ளையின இளம்பெண்களுக்குப் போனது. 2020 பிப்ரவரியில் ஒரு நாளிதழ் எழுதிய பிறகே அவர் பெயர் வெளியே தெரிந்தது. பெண்களுக்குள்ளும் யார் முகம் முன்னே நிறுத்தப்படுகிறது என்னும் கேள்வியை நாம் தவிர்க்க முடியாது. நம் கறுத்த பிள்ளைகள் செயலியைத் திறந்தவுடன் முகத்தை வெளுப்பாக்கும் வடிகட்டியைத் தேடுவதை எத்தனை பேர் கவனித்திருக்கிறீர்கள்?

இனி, இதை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி; பெயர் வேண்டாம். கதை கூறும் போட்டிக்கு நான் பயிற்சி அளிக்கும் பிள்ளை. பால்மரக்காட்டில் வேலை செய்த தன் பாட்டி, விடியுமுன் எழுந்து, காண்டா விளக்கோடு போய், யானையின் தடம் கண்டு திரும்பிய கதையைச் சென்ற ஆண்டு அவள் சொன்னபோது நடுவர் ஒருவர் கண் துடைத்தார். இவ்வாண்டு பயிற்சியில் மூன்றாவது வாக்கியத்திலேயே நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"இதுக்குள்ள எல்லாரும் தள்ளிவிட்டுட்டுப் போயிருவாங்க டீச்சர். யானைய முதல்லயே சொல்லிரணும்."

சரி, யானையை முதலில் சொல்வது ஒரு கதை உத்தியாகவும் இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. பிறகு கவனித்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணை அகல விரிக்கிறாள். பாட்டிக்குக் கொடுத்திருந்த தடித்த, கரகரத்த குரல் போய்விட்டது; அதற்குப் பதில் எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே மெல்லிய, இனிய குரல். பாட்டியைப் பற்றிய பகுதியே பாதியாகக் குறைந்திருந்தது. "பாட்டி கதை ஓடாது டீச்சர்" என்றாள். வருத்தமில்லாமல், மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

தாயாரின் பெயரில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. பாட்டி கதையை ஒருமுறை பதிவேற்றியிருக்கிறாள், பார்த்தோர் சிலரே. பாட்டுக்கு வாயசைத்த பதினைந்து நொடிக்குப் பல மடங்கு. பன்னிரண்டு வயதில் அவளுக்குக் கிடைத்த மதிப்பெண் பட்டியல் அது. அவளுடைய அண்ணன் படிவம் 2-இல் படிக்கிறான். அவனும் காணொளி செய்கிறான். கைப்பேசி விளையாட்டுக் காட்சிகளுக்குக் குரல் கொடுக்கிறான். அவன் முகம் ஒன்றிலும் இல்லை. முகம் காட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவுமில்லை, எவரும் கேட்கவுமில்லை.

முன்பின் தெரியாத ஒருவன் எழுதிய கருத்துரையைத் தந்தை பார்த்துவிட்டார். மகளின் கைப்பேசி அன்றிரவே அலமாரிக்குள் போனது. மகனுடையது அவன் கையிலேயே இருந்தது. தாயார் என்னிடம் வந்து, "டீச்சர், அவ சாப்பிடவும் மாட்டேங்கிறா, பேசவும் மாட்டேங்கிறா. நீங்கதான் கொஞ்சம் சொல்லணும்" என்றார்.

தந்தையின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். 2024 ஜூலையில் கோலாலம்பூரில் நம் சமூகத்தைச் சேர்ந்த, டிக் டாக்கில் பலரறிந்த இளம்பெண் ஒருவர் இணையவழி மிரட்டலுக்கும் இழிசொல்லுக்கும் ஆளாகி உயிர்துறந்தார். காவல்துறையில் புகாரும் அளித்திருந்தார். அவரைச் சீண்டியவர்களுள் ஒருவருக்கு அப்போதிருந்த சட்டப்படி 100 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டபோது நாடே அதிர்ந்தது. அதன்பின் குற்றவியல் சட்டத்தில் பகடிவதைக்கு எதிரான பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது. 16 வயதிற்குக் குறைந்தோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கப்போவதாகவும் அரசு 2025-இல் அறிவித்தது. அந்தக் கொடுமையைச் செய்தவர்கள் மனிதர்கள். பொறியின்மேல் பழிபோட்டு அவர்களைத் தப்பவிடக் கூடாது. ஆனால் நேரலையில் சண்டை மூண்டால் கூட்டம் கூடுவதும், கூட்டம் கூடினால் பரிசுப்பொருள் குவிவதும், பரிசு குவிந்தால் மறுநாளும் சண்டை வேண்டியிருப்பதும் ஒரு சங்கிலி. அதில் வசவும் ஒரு கருத்துரை. வாழ்த்தும் ஒரு கருத்துரை.

ஆயினும் அலமாரிப் பூட்டை நான் ஏற்கவில்லை. தவறு செய்தவன் முன்பின் தெரியாத ஆடவன். தண்டனை பெற்றவள் சிறுமி. நம் பாட்டிமார் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டதும் இந்தக் கணக்கின்படிதான். வழியில் வம்பு செய்கிறார்கள், ஆகவே நீ போகாதே. இதே செயலியில்தான் 2021 ஏப்ரலில் 17 வயது மலேசிய மாணவி ஒருவர், வகுப்பில் ஆசிரியர் பாலியல் வன்கொடுமையை வேடிக்கையாகப் பேசியதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். பள்ளியைப் பாதுகாப்பான இடமாக்குங்கள் என்ற முழக்கம் நாடெங்கும் பரவியது. ஆசிரியை என்ற முறையில் அதைக் கேட்க எனக்கு இனிமையாக இல்லைதான். கேட்க வேண்டியிருந்தது, கேட்டோம். அந்தப் பெண்ணின் கைப்பேசியும் ஓர் அலமாரிக்குள் இருந்திருந்தால்?

பெற்றோரோடு பேசினேன். பன்னிரண்டு வயதிற்குக் கணக்கு வேண்டாம் என்பதில் எனக்கும் தந்தைக்கும் கருத்து வேறுபாடு இல்லை. செயலியின் விதியே 13 என்கிறது. இரவு ஒன்பது மணிக்குப் பின் கைப்பேசி கூடத்து மேசைக்குப் போவதென்றால் அண்ணனுடையதும் போக வேண்டும் என்றேன். தந்தை சிறிது நேரம் பேசாமலிருந்தார். "அவன் பையன்தானே டீச்சர்" என்றார். அவன்தான் நாளைக்குக் கருத்துரை எழுதப்போகிறவன் என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுவாரம் மேசையில் இரண்டு கைப்பேசிகள் இருப்பதாகத் தாயார் புலனத்தில் செய்தி அனுப்பினார்.

போட்டிப் பயிற்சி தொடர்கிறது. பாட்டியின் குரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஒருநாள் வருகிறது, ஒருநாள் வருவதில்லை. இப்போது கைப்பேசியில் பதிவு செய்யாமல், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின்முன் நிறுத்திக் கதை சொல்ல வைக்கிறேன். அவர்களுக்கு நொடிக் கணக்கு இல்லை. இடையில் ஒருவன் எழுந்து, "யானை அப்புறம் என்ன பண்ணுச்சு?" என்று கேட்டுக் குழப்புகிறான். அவளுக்கு அது பிடித்திருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஓர் அறிவிப்பு. அடுத்த மாதம் நம் பள்ளியில் இணையப் பாதுகாப்பு விளக்கக் கூட்டம் நடைபெறவிருக்கிறது. அழைப்புக் கடிதத்தின் முதல் வரைவில் 'நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான மாணவியரும் அவர்தம் தாய்மாரும்' என்று இருந்தது. அதனை 'மாணவர் அனைவரும் பெற்றோர் இருவரும்' என்று மாற்றுமாறு கேட்டிருக்கிறேன். மண்டபத்தில் இடம் போதாது என்கிறார் கட்டொழுங்கு ஆசிரியர். சிற்றுண்டிச்சாலையில் நடத்தலாம் என்று சொல்லியிருக்கிறேன். தந்தையர் வந்தால் நாற்காலி அடுக்கவும் ஆள் கிடைக்கும்.